நடு வரிசைக் குரல்

பெருநாள் தொழுகைக்கு எங்களூர்த் திடலில் மக்கள் நிறைந்துவிட்டால் முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே ஒரு தெருவின் நீளம் இருக்கும். நான் சிறுவனாயிருந்தபோது ஒரு பெருநாளன்று தொழுகையின் நடுவே ஒலிபெருக்கி நின்றுபோயிற்று. இமாமின் தக்பீர் ஐந்தாம் வரிசைக்கு அப்பால் எட்டவில்லை. பின்னால் நின்றவர்கள் குனிவதா நிமிர்வதா என்று தடுமாறத் தொடங்கினார்கள். அந்த நொடியில் நடு வரிசையிலிருந்து ஒரு பெரியவர் இமாமின் சொல்லை அப்படியே வாங்கி உரக்கச் சொன்னார். அவருக்கும் பின்னே இன்னொருவர் அதை வாங்கிக்கொண்டார். தொழுகை குலையாமல் நிறைவேறிற்று.

ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு பெருங்கூட்டங்களில் இதுவே வழக்கம் என்றும், அவ்வாறு எடுத்துச் சொல்பவரை முகப்பிர் என்பார்கள் என்றும் வீடு திரும்பும் வழியில் வாப்பா சொன்னார்கள். "முகப்பிருக்குக் கடமை இரண்டு. இமாம் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். இமாம் சொல்லாதபோது வாயைத் திறக்கக் கூடாது." முதற்கடமை எனக்கு அன்றே விளங்கிற்று. இரண்டாவது விளங்குவதற்கு நாற்பது ஆண்டுகளும் ஒரு புயலும் வேண்டியிருந்தன.

கடலோர ஊர்க்காரர்களுக்குத் தொலைவிலிருந்து வரும் குரல் புதிதன்று. எங்கள் வீட்டுத் திண்ணைகளில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை ஒலித்த அளவு வேறெந்த நிலையமும் ஒலித்ததில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபின், மாடிதோறும் முளைத்த இரும்புக் குழாய்களும் அவற்றின் உச்சியில் சீப்புப் பல்லைப்போல் நீண்ட அலுமினியக் கம்பிகளும் எங்கள் தெருவின் தோற்றத்தையே மாற்றிவிட்டன. சில இரவுகளில் படம் பளிங்காய்த் தெரியும். மற்ற இரவுகளில் திரை முழுதும் புள்ளியாய் இரையும். அந்தக் கம்பிகளைத் திருப்புவதற்காக அண்ணன் மாடியில் நிற்க, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கூடத்திற்கும் படிக்கட்டிற்கும் இடையே கத்திக்கொண்டு ஓடிய பையன் நான். அவ்வகைக் கம்பிக்கு 1926இல் அதனை உலகிற்கு அறிவித்த ஜப்பானியப் பேராசிரியர்கள் யாகி, உடா ஆகியோரின் பெயர் வழங்குகிறது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கடலுக்கு அப்பால் எவரோ பேசுகிறார், கம்பி சரியான திசையை நோக்கினால் நமக்கும் கேட்கும்.

அந்த ஆசைதான் பிற்காலத்தில் என்னை அமெச்சூர் வானொலி உரிமத்திற்குத் தேர்வு எழுத வைத்தது. ஆதாயம் கருதாமல், சொந்தக் கருவியில், உரிமம் பெற்று வானலையில் உரையாடுபவர்களை உலகெங்கும் ஹாம் என்று அழைக்கிறார்கள். இந்திய ஹாம்களின் அழைப்புக்குறிகள் பெரும்பாலும் வி.யு. என்ற எழுத்துகளோடு தொடங்கும். என் குறி கிடைத்த நாளில் உம்மா, "இதனால் என்ன வாப்பா வருமானம்?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்படியானால் ஏதாவது ஒரு நாளைக்காவது யாருக்காவது உதவட்டும்" என்றார்கள். அது வாழ்த்தா, நிபந்தனையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

உதவ முடியும் என்பதை எங்களுக்குக் காட்டியது 2004 டிசம்பர் 26. உலக ஹாம்களோடு பேசுவதற்காக அந்த மாதம் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார். ஆழிப்பேரலை வந்த காலையில் பொழுதுபோக்காகத் தொடங்கிய அந்த நிலையம் அவசரநிலையமாக மாறிற்று. தீவுகளின் தொலைபேசி அடங்கிக் கிடந்த நாட்களில், உறவினர் உயிரோடிருக்கிறாரா என்று ஏங்கிய குடும்பங்களுக்கு அந்த அலைகளே செய்தி கொண்டுபோயின. அவர்கள் கையாண்டது, வானத்து அயனிமண்டலத்தில் பட்டு மீண்டு ஆயிரம் கல் தாண்டும் சிற்றலை. ஆனால் பக்கத்து ஊருக்கும் அதற்கடுத்த ஊருக்கும் இடையே, நடந்துகொண்டே பேசத்தக்க கையடக்கக் கருவியில் செய்தி போக வேண்டுமானால் சிற்றலை அத்துணைப் பொருந்தாது. அதற்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரண்டு மீட்டர் அலைவரிசை வேண்டும். அதற்கு ரிப்பீட்டர் வேண்டும்.

ரிப்பீட்டர் என்பது உயரத்தில் அமர்ந்த முகப்பிர். ஓர் அலைவரிசையில் கேட்பதை, அதே நொடியில், 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி மற்றோர் அலைவரிசையில் ஓங்கிச் சொல்லும். தன் குரலே தன் காதை அடைத்துவிடாதபடி உலோக உருளைகளாலான வடிகட்டிகள் இரண்டையும் பிரித்து வைக்கும். கையிலுள்ள 5 வாட் கருவியின் மெல்லிய குரலும் இதன் வாயால் ஒரு வட்டாரம் முழுவதும் கேட்கும்.

ஆனால் இந்த அலை நேர்கோட்டை விட்டு அதிகம் வளையாது. கம்பம் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அந்த உச்சிக்குரிய வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலுக்கு அது 190 கிலோமீட்டர், மலைநாட்டுக்காரர் கொடுத்துவைத்தவர். காவிரிப் படுகையில் மலை ஏது? வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும்தாம். பாக் நீரிணையை ஒட்டிய எங்களூரோ கொடைக்கானலின் பார்வைக்கும் அப்பால் கிடக்கிறது. நாங்கள் நட்ட 30 மீட்டர்க் கம்பத்தின் தொடுவானம் 22 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அப்படிப்பட்ட இரண்டு கம்பங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டுமானால் 45 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தஞ்சாவூரோ அதனினும் தொலைவு. ஆகவே மலையில்லாதவன் செய்யக்கூடியது ஒன்றே: வரிசைக்கு வரிசை ஒரு முகப்பிரை நிறுத்துவது. ரிப்பீட்டர்களை ஒன்றோடொன்று இணைப்பது என்பது இதுதான்.

இணைப்பதற்கு உலகில் எளிய வழி ஒன்று உண்டு. 1997இல் கனடாவின் டேவிட் கேமரன் தொடங்கிய ஐ.ஆர்.எல்.பி., 2002இல் அமெரிக்காவின் ஜொனதன் டெய்லர் வெளியிட்ட எக்கோலிங்க் ஆகியவை இணையத்தின் வழியே ஒரு கண்டத்தின் ரிப்பீட்டரை மற்றொரு கண்டத்தின் ரிப்பீட்டரோடு பேச வைக்கின்றன. அருமையான ஏற்பாடுகள்தாம். எனினும் ஊருக்குள் வரும் கம்பி அறுந்தால் அந்த இணைப்பும் அறும். 2017 செப்டம்பர் 20இல் மரியா புயல் கடந்தபோது போர்ட்டோ ரிக்கோ தீவு முழுவதும் மின்சாரத்தை இழந்தது. கைப்பேசிக் கோபுரங்களில் மிகப் பெரும்பாலானவை செயலற்றுப்போயின. 50 ஹாம்கள் வரை தேவை என்று அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கேட்டது. 22 பேர் அங்குச் சென்று பணியாற்றினார்கள். இதைப் படித்த நாங்கள், கம்பியை நம்பாமல் அலையைக் கொண்டே அலையை இணைப்பது என்று முடிவு செய்தோம்.

எங்கள் குழு சிறியது. பணம் அதனினும் சிறியது. எங்களூர் மாடியில் ஒரு ரிப்பீட்டர். தஞ்சாவூரில் நண்பர் ஒருவரின் உயர்ந்த கட்டடத்தில் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரத்தநாட்டுப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் மேல்தளத்தில் இணைப்பு நிலையம். இணைப்புக்கு 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை எடுத்துக்கொண்டோம். என் மாடியிலிருந்த யாகி ஆலையை நோக்கும். ஆலையிலிருந்த யாகிகளில் ஒன்று என்னையும் மற்றொன்று தஞ்சாவூரையும் நோக்கும். கடற்கரையில் நின்று கைக்கருவியில் பேசினால் தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்பவர் கேட்பார். முதன்முதல் கேட்ட அன்று, ரூபவாஹினிப் படம் தெளிந்த இரவில் குதித்ததுபோலவே குதித்தேன்.

நடு நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, ஆலையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் குடியிருந்த ஒரு பெரியவர் ஏற்றார். தந்தி அலுவலகத்தில் முப்பத்தெட்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2013 ஜூலையில் இந்நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது ஒரு நாள் முழுதும் உண்ணாமலிருந்தவர் என்று அவர் வீட்டார் சொல்வார்கள். எங்கள் வாராந்தர உரையாடலில் தம் குறியைச் சொல்வார், நலம் என்பார், அதற்குமேல் பேசமாட்டார். அவருக்குப் பேச்சில் நாட்டமில்லை என்றே எண்ணியிருந்தேன்.

2018 நவம்பர் 15. கஜா புயல் அன்றிரவு நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை ஏறும் என்று அறிவிப்பு வந்தது. நாங்கள் முன்னேற்பாடு செய்தோம். என் மாடிக் கம்பத்திற்கு நாற்புறமும் புதுக் கயிறு கட்டினேன். என் வீட்டு மின்கலங்கள் புதியவை. சூரியத் தகடும் உண்டு. நடு நிலையத்தில் இருந்தது 100 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு பழைய மின்கலம்; அதில் பாதியைத்தான் நம்பலாம் என்பதும் எனக்குத் தெரியும். மாலை ஆறு மணிக்கு ஆலைப் பக்கம் மின்சாரம் நின்றது. இணைப்பு மின்கலத்திற்கு மாறியது. எல்லாம் திட்டப்படியே நடந்தது.

திட்டத்தில் இல்லாதது என் நாக்கு.

"காற்று எப்படி இருக்கிறது?" என்று தஞ்சாவூரிலிருந்து கேட்டார்கள். சொன்னேன். சற்றுப் பொறுத்து வேறொருவர் கேட்டார். மீண்டும் சொன்னேன். தஞ்சாவூர் ரிப்பீட்டர் எட்டிய தொலைவிலெல்லாம் ஹாம்கள் விழித்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கடற்கரையின் குரலைக் கேட்க வேண்டியிருந்தது. நானும் சலிக்காமல் வருணித்தேன். தென்னை மட்டை பறப்பதை, கடல் இரைவதை, எதிர்வீட்டு ஓடுகள் சீட்டுக்கட்டாய்ச் சரிவதைச் சொன்னேன். நள்ளிரவுக்குச் சற்று முன்பு யாரோ ஒருவர், "நீங்கள் வானொலி அறிவிப்பாளராகியிருக்க வேண்டியவர்" என்றார். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா? அதன்பின் இன்னும் விரிவாகப் பேசினேன். ஊர் அழிந்துகொண்டிருந்த இரவில், மறைப்பானேன், உள்ளூர நான் மகிழ்ச்சியாயிருந்தேன்.

நான் பேசும்போது என் கைக்கருவி மட்டும் மின்சாரம் குடிக்கவில்லை. எங்களூர் ரிப்பீட்டர், இங்குள்ள இணைப்புக் கருவி, ஆலையின் இணைப்புக் கருவி, தஞ்சாவூர் ரிப்பீட்டர் என்று என் ஒரு சொல்லுக்கு நான்கு ஒலிபரப்பிகள் உழைத்தன. தஞ்சாவூரிலிருந்து வந்த ஒவ்வொரு கேள்விக்கும் அதே உழைப்பு. ஆலையிலுள்ள கருவிகள் சும்மா கேட்டுக்கொண்டிருக்க ஒன்றரை ஆம்பியர் போதும். பேசும்போது ஏழரை வேண்டும். யாரும் பேசாதிருந்தால் அந்தப் பழைய மின்கலம் முப்பது மணி நேரத்திற்கு மேல் தாங்கியிருக்கும். நாங்கள் பேசிய பேச்சுக்கு அது ஒன்பது மணி நேரம் தாங்கிற்று.

இரவு மூன்று மணி அளவில், நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது இணைப்பு அறுந்தது. புயல் அதற்குள் எங்களைக் கடந்து மேற்கே போய்க்கொண்டிருந்தது. காற்றினால் வீழ்ந்திருக்கும் என்று முதலில் எண்ணினேன். ஆலையின் கம்பம் வீழவில்லை, கயிறும் அறவில்லை. ஒன்பது மணி நேரப் புயலைத் தாங்கிய நிலையத்தை என் பேச்சு வீழ்த்தியிருந்தது.

விடிந்தபோது எங்களூரை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. நான்கு மாவட்டங்களில் இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன, தலைமுறை தலைமுறையாய் வளர்த்த தென்னைகள் இலட்சக்கணக்கில் முறிந்தன என்றெல்லாம் பின்னால் கணக்கு வந்தது. அன்று காலை நாங்கள் கண்டது எங்கள் தெருவை மட்டும்தான். கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. சாலையை மரங்கள் அடைத்துக் கிடந்தன.

ஐந்தரை மணிக்குக் கடற்கரைத் தெருவிலிருந்து ஓர் இளைஞர் நனைந்த உடையோடு வந்தார். அவருடைய அக்காள் மகளுக்குப் பதினொரு வயது. நான்கு வயதிலிருந்து இன்சுலின் ஊசியில் வாழ்பவள். ஓடு விழுந்து மருந்துக் குப்பிகள் நொறுங்கிவிட்டன. முந்திய இரவு போட்டதே கடைசி ஊசி. ஊரின் மருந்துக் கடைகள் நீரில் நின்றன. அவளுக்குரிய வகை எங்கும் கிடைக்கவில்லை. "ரேடியோவிலே தஞ்சாவூருக்குச் சொல்லுங்க காக்கா. ராத்திரி பூரா நீங்க பேசினதை நாங்க மாடிப்படியிலே உக்காந்து கேட்டோம்" என்றார். என்னைக் குத்துவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. நம்பிக்கையோடு சொன்னார். அதனால்தான் அது குத்திற்று.

அழைத்தேன். என் ரிப்பீட்டர் பதில் கொடுத்தது; அதன் வாலோசையைத் தவிர வேறொன்றும் வரவில்லை. ஆறு மணிக்கு அழைத்தேன். ஏழு மணிக்கு அழைத்தேன். அந்த ஏழு மணிக்குத்தான் மருந்துப் பெட்டியோடு ஒரு குழு தஞ்சாவூரிலிருந்து எங்கள் திசையில் புறப்பட்டது என்பதையும், அவர்களிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் குளிர்பெட்டியில் இரண்டு குப்பி ஏறியிருக்கும் என்பதையும் பிறகு அறிந்தேன். இளைஞர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

பதினொன்றேகால் மணிக்கு என் கருவியில் இரைச்சல் கிளம்பிற்று. அதற்குள்ளிருந்து ஒரு முதிய குரல்: "நடு நிலையம் திரும்பிவிட்டது. அவசரச் செய்தி மட்டும். மற்றவர்கள் பேசாதிருக்கவும்."

இரவு மூன்று மணிக்கு இணைப்பு அடங்கியதைத் தம் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தந்திப் பெரியவர், காற்று தணிந்து வெளிச்சம் வந்ததும், தம் டிராக்டரின் மின்கலத்தைக் கழற்றி மிதிவண்டியின் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு பேரனோடு கிளம்பியிருக்கிறார். எழுபத்திரண்டு வயது. சாலையில் விழுந்த ஒவ்வொரு மரத்தின்மீதும் மிதிவண்டியையும் மின்கலத்தையும் தனித்தனியே தூக்கிக் கடத்த வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம் ஆகியிருக்கிறது.

நான் பேசினேன். ஆனால் காற்றில் என் யாகி சற்றே திரும்பிப்போயிருந்தது. என் குரல் இரைச்சலுக்கு அடியில் கிடந்ததால் ஆலையின் தானியங்கிக் கருவி அதைக் குரலென்றே ஏற்கவில்லை, கதவு திறக்கவில்லை. கருவிக்குக் கேட்காதது பெரியவரின் காதுக்குக் கேட்டது. இரைச்சலில் எழுத்தைப் பிரித்தெடுத்தே முப்பத்தெட்டு ஆண்டு உணவு உண்டவரல்லவா?

"கேட்கிறது. மெதுவாகச் சொல்லுங்கள். சொற்கள் எத்தனை?" என்றார்.

நான் விழித்தேன். இரவெல்லாம் பேசியவனுக்கு இப்போது எத்தனை சொல் சொல்லப்போகிறான் என்று தெரியவில்லை. தாளை எடுத்து எழுதினேன், எண்ணினேன். "பதினைந்து" என்றேன்.

"பதினொரு வயதுச் சிறுமி. இன்சுலின் இல்லை. நேற்றிரவு கடைசி ஊசி. இன்று இரவுக்குள் மருந்து வேண்டும். இடம் கடற்கரைத் தெரு."

அவர் அதைத் தஞ்சாவூருக்குத் திருப்பிச் சொன்னார். "பாவம்" என்று ஒரு சொல் சேர்க்கவில்லை. "அவசரம்" என்று ஒரு சொல் கூட்டவில்லை. பதினைந்தை வாங்கினார், பதினைந்தைக் கொடுத்தார். தஞ்சாவூர் அதைத் திரும்பப் படித்துக் காட்டியபோதும் பதினைந்தையே எண்ணிச் சரிபார்த்தார். என் கண்முன் திடல் விரிந்தது. ஒலிபெருக்கி நின்றுபோன பெருநாள். நடு வரிசையில் ஒரு பெரியவர்.

மருந்து இரவு ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் சிறுமி வாந்தி எடுத்துத் துவண்டிருந்தாள். வந்தவர்களே அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து நாள் கழித்து இறைவனருளால் நலமாகத் திரும்பினாள். அவளுடைய தாய் என் மனைவியிடம், "காக்கா இல்லாவிட்டால் என் பிள்ளை இல்லை" என்று சொல்லி அழுதாராம். அந்த நன்றியை எந்த அறையில் வைத்துப் பூட்டுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

சாலை திறந்தபின் பெரியவரைப் பார்க்கப் போனேன். கூரையில்லாத தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தார். தேநீர் வந்தது. குற்றத்தை நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அவர் முந்திக்கொண்டு தம் பதிவேட்டை எடுத்து நீட்டினார். அன்று மாலை ஆறு மணியிலிருந்து அடுத்த நாள் அதிகாலை மூன்று மணிவரை யார் எப்போது எத்தனை நிமிடம் பேசினார் என்று பென்சிலில் எழுதியிருந்தார். பழைய வழக்கம். கீழே கூட்டிப் போட்டிருந்த தொகை ஆறு மணி நேரத்திற்கு மேல். அதில் 'செய்தி' என்று அவர் கோடிட்டவை பதினொரு நிமிடம்.

"தம்பி, தந்தி ஆபீசிலே ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. காசுக்குப் பயந்து ஜனங்க யோசிச்சு எழுதுவாங்க. இங்கே காசு கிடையாது. அதனாலே யோசனையும் கிடையாது. ஆனா யாரோ ஒருத்தர் குடுத்துக்கிட்டேதான் இருக்காங்க."

"அன்றைக்கே என்னை நிறுத்தச் சொல்லியிருக்கலாமே, ஐயா?" என்றேன்.

"சொல்லலாம்னு நாலு தடவை பொத்தானைத் தொட்டேன். அதைச் சொல்றதுக்கும் மின்சாரம் வேணும். நீங்களே நிறுத்திடுவீங்கன்னு நம்பினேன். அது என் தப்பு" என்றார். தவற்றைக்கூட என்னோடு பங்கிட்டுக்கொண்டார்.

அதன்பிறகு எங்கள் இணைப்பை மாற்றி அமைத்தோம். முன்பு எப்போதும் இணைந்தே இருக்கும். இப்போது எப்போதும் பிரிந்தே இருக்கிறது. ஒவ்வொரு ரிப்பீட்டரும் தன் ஊருக்குத் தானே நிற்கும். அடுத்த ஊரின் காது தேவைப்படும்போது ஒரு குறிப்போசையால் கதவைத் திறப்போம். செய்தி போனதும் மூடுவோம். மூட மறந்தால் சில நிமிடங்களில் தானே மூடிக்கொள்ளும். நடு நிலையத்தின் மின்கலம் ஓர் அளவிற்குக் கீழே இறங்கினால், இணைப்பு தன்னை அவிழ்த்துக்கொண்டு, எஞ்சியதை மணிக்கு ஒருமுறை சில நிமிடங்களுக்கு மட்டும் செலவிடும். இணைப்புக் கருவிகள் 25 வாட்டில் கத்துவதை நிறுத்தி, எட்டும் அளவிற்கு 5 வாட்டில் பேசுகின்றன. செய்தி எதுவாயினும் முதலில் தாளில் எழுதப்படும், சொற்கள் எண்ணப்படும். இது எங்கள் கண்டுபிடிப்பன்று. அமெரிக்க ஹாம்களின் செய்திப் படிவத்தில் சொற்களின் எண்ணிக்கைக்கென்றே ஒரு கட்டம் உண்டு; தந்தியிடமிருந்து அவர்கள் பெற்ற சொத்து அது. நாங்கள் அதைக் கட்டமாகப் பார்த்திருந்தோம், காரணமாகப் பார்க்கவில்லை.

புதிதாக உரிமம் பெறும் இளைஞர்கள் என்னிடம் வந்து, எத்தனை நிலையங்களை இணைக்கலாம், எத்தனை மாவட்டங்களுக்குக் கேட்கச் செய்யலாம் என்று ஆவலோடு கேட்கிறார்கள். இணைப்பதன் கணக்கைச் சொல்லித்தருகிறேன். கம்பத்தின் உயரத்தையும் யாகியின் திசையையும் சொல்கிறேன். பிறகு ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். பத்து நிலையங்களை இணைத்தால் பத்துப் பாதைகள் கிடைப்பதில்லை; ஒரே பாதைதான் நீளுகிறது. அதில் ஒருவர் நடந்தால் மற்ற ஒன்பது ஊரும் ஒதுங்கி நிற்க வேண்டும். எங்கோ ஒரு மூலையில் பதினைந்து சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருக்கலாம். நாம் பேசிக்கொண்டிருக்கும்வரை அவர் இருப்பதே நமக்குத் தெரியாது.

மாதந்தோறும் முதல் ஞாயிறன்று இணைப்பைத் திறந்து சோதிக்கிறோம். பெரியவர் எண்பதை நெருங்கிவிட்டார். ஆலைக்குப் பேரன்தான் போகிறான். ஆனாலும் சோதனைச் செய்தியை வாங்குவது அவர்தாம். சென்ற ஐப்பசியில், வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று அறிவித்திருந்த ஒரு ஞாயிறு, நான் அழைத்தேன். "அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி" என்று வழக்கம்போல் தொடங்கினார். நானும் வணக்கம் சொல்லி, உடல்நலம் எப்படி, மழை அந்தப் பக்கம் எப்படி என்று வாயெடுத்தேன்.

அவர் என்னை முடிக்க விடவில்லை.

"சொற்கள் எத்தனை?" என்றார்.